கடற்கரையில் நடக்கும் ஒழுக்கம்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பின் இளைஞர்களே, மதிப்புக்குரிய பெற்றோர்களே!

விடுமுறை நெருங்கிவிட்டால் கலேவெலயில் இளைஞர்கள் கூடும் இடமெல்லாம் பயணப் பேச்சாகவே இருக்கும். மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை. குளத்தையும் வயலையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் என்றதும் மனம் துள்ளுகிறது. வீட்டிலோ உம்மாவின் முகம் வாடுகிறது, வாப்பா வேண்டாம் என்கிறார். பெற்றோரின் அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். விடுமுறைக்குச் சென்ற பிள்ளை கடலில் மூழ்கினான் என்ற செய்தியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஆயினும், பூமியில் பயணம் செய்து படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதைப் பார்க்குமாறு ஸூரத்துல் அன்கபூத்தின் 20ஆம் வசனத்தில் அல்லாஹ் ஏவுகிறான். ஆகவே, போகலாமா என்று கேட்பதைவிட எவ்வாறு போவது என்று கேட்பதே பயனுடையது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். என்னுடைய ஒரு தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர், ஓர் ஏப்ரல் விடுமுறையில், எமது ஊர் இளைஞர்கள் சிலரை அழைத்துக்கொண்டு பொத்துவில்லுக்குச் சென்றேன். தம்புள்ள, ஹபரண, பொலன்னறுவை, மட்டக்களப்பு என்று வழி நீண்டது. காத்தான்குடியில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். பயணத்தில் தொழுகை கஷ்டம் என்று சொல்லும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: ஷரீஅத் பயணிக்கு இவ்வளவு சலுகை தந்த பின்னரும் வக்தைத் தவற விடுவதற்கு என்ன காரணம் சொல்லப் போகிறீர்கள்?

மறுநாள் ஸுபஹுக்குப் பின் அறுகம்பேயிலிருந்து தெற்கே, பாணமைத் திசையில் கரையோரமாக நடந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டு சென்ற கரை அது. அவர்களுக்காகத் துஆச் செய்துவிட்டே நடையைத் தொடங்கினோம். இடது புறம் கடல். வலது புறம் மணல்மேடு, அதற்கப்பால் பற்றைக்காடும் களப்பும். ஈர மணலில் சிறிய கரைப்பறவைகள் கூட்டமாக ஓடி இரை தேடின. அவற்றுட் பல வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து புரட்டாதி, ஐப்பசியில் வந்து, சித்திரையில் திரும்பிச் செல்பவை. அவற்றுக்கு வரைபடம் கொடுத்தவர் யார்? வானில் சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைத் தாங்கி நிற்பவன் அர்ரஹ்மான் என்பதை ஸூரத்துல் முல்க் (67:19) நினைவூட்டுகிறது. வகுப்பறையில் பல தடவை ஓதிய அந்த வசனத்தை எங்கள் பிள்ளைகள் அன்று கண்ணால் கண்டார்கள்.

களப்பின் மறுகரையில் ஒரு யானை நின்றது. வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கலேவெலயிலும் கலாவெவப் பக்கத்திலும் யானை என்றால் அழிந்த வயல், உடைந்த சுவர், இரவு முழுதும் காவல். அவனுடைய மாமாவின் ஒரு போக வேளாண்மை முழுவதும் யானையால் போயிற்று. அவனிடம் யானையின் அழகைப் பற்றி எவ்வாறு பேசுவது? 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். இரு தரப்புக்கும் இது உயிர்ப் பிரச்சினை. பசியோடு வரும் யானையின் வாயில் வெடிக்குமாறு உணவுக்குள் வெடிமருந்து வைக்கும் 'ஹக்க பட்டாஸ்' கொடுமையை மட்டும் எந்த நட்டத்தைக் கொண்டும் நியாயப்படுத்த முடியாது. தாடை சிதைந்த அந்த ஜீவன் உண்ண முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது. இதை அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வெகு நேரம் கழித்து, "வயலில்லாத இடத்தில் அது சும்மாதான் நிற்குது, மௌலவி" என்றான்.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று. அந்தக் கரையின் களப்புகளில் முதலைகள் உண்டு. யானைக்கல் என்று சொல்லப்படும் பாறைக்கு அருகே, 2017 செப்டெம்பரில், விடுமுறைக்கு வந்திருந்த ஆங்கிலேய இளம் பத்திரிகையாளர் ஒருவரை முதலை இழுத்துச் சென்றது. ஆகவே வுழூச் செய்வதற்கென்று கண்ட நீர்நிலையிலும் இறங்காதீர்கள். போத்தலில் நீர் கொண்டு செல்லுங்கள், நீர் இல்லையெனில் தயம்மும் இருக்கிறது. ஊரவர் ஒருவர் துணையின்றி நடக்காதீர்கள். பாணமைக்கு அப்பால் உகந்தையைத் தாண்டினால் குமண தேசிய பூங்கா. பருவத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும் இடம். அங்கே வாகனத்தை விட்டு இறங்கி விரும்பியபடி நடக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரிகர்களுக்கு மட்டும் வருடத்தில் குறித்த சில நாட்களில் காட்டுவழி திறக்கப்படுகிறது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் எங்களுக்கு வழிகாட்டிய வயதான மீனவருடன் மீண்டும் கரைக்குச் சென்றோம். நிலவில்லை. அலையோரத்தில் கரிய பாறை போன்ற ஒன்று மெல்ல அசைந்தது. நான் அவசரப்பட்டு டோர்ச் விளக்கை அதன் மேல் அடித்தேன். கடலாமை! நான் விளக்கடித்ததைக் கண்ட பிள்ளைகளும் கையடக்கத் தொலைபேசிகளை உயர்த்திக்கொண்டு ஓடினார்கள். பத்துப் பதினைந்து வெளிச்சங்கள். ஆமை சற்று நின்றது. பின்னர் மணலில் அரைவட்டமாகத் திரும்பி, வந்த வழியே கடலுக்குள் இறங்கிவிட்டது.

"மௌலவி, லைட்ட அணைங்க. அது முட்டையிட வந்த தாய்" என்றார் பெரியவர். அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை நமது இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. ஒரு பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடையப் பல வருடங்கள் செல்லும். அதன் பின், தான் பிறந்த கடற்பிரதேசத்தையே தேடி வருகிறது. இருளில் ஏறி, மணலில் குழி தோண்டி, நூறளவு முட்டைகளை இட்டு, மூடிவிட்டுச் செல்கிறது. ஏறி வரும்போது வெளிச்சத்தையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வெளிவரும் குஞ்சுகள், இரவில் கடற்பக்கம் தெரியும் ஒளியை நோக்கி ஓடுகின்றன. கரையில் நாம் போட்ட விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் வழி தவறி நிலத்தின் பக்கம் ஏறி இறந்துபோகும். முட்டையை எடுப்பது நாட்டுச் சட்டப்படி குற்றம். நமது ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்றமான கருத்துப்படி ஆமை உண்ணத் தகாததும் ஆகும். ஆனால் முட்டையை நாங்கள் தொடவேயில்லை. வெறும் வெளிச்சத்தாலேயே ஒரு தாயைத் துரத்திவிட்டோம்.

அறைக்குத் திரும்பியதும் ஒரு ஹதீஸை அவர்களுக்குச் சொன்னேன். உண்மையில் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. அங்கே வந்த நபி (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளால் அதனை நோவித்தவர் யார் என்று விசாரித்து, அவற்றை உடனே திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதில் உள்ளது. குஞ்சைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த இரவை நாங்கள் எவ்வாறு திருப்பிக் கொடுப்பது?

பூமியிலுள்ள பிராணிகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் (6:38) கூறுகிறது. பிறருடைய ஊருக்குள் நுழைபவன் சத்தமிட்டுக்கொண்டா போவான்? ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக்கொண்டு, சோற்றுப் பொதியின் பொலித்தீனை மணலில் எறிந்துவிட்டு வருபவனை எந்த ஊரார் வரவேற்பார்கள்? பாதையிலும் நிழலிலும் நீர்த்துறையிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரியதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெற்றோர்களே, முடியுமானால் நீங்களும் கூடச் செல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வாப்பா குப்பையைப் பொறுக்குவதைக் காணும் மகன் அதைக் கீழே போடத் தயங்குவான். நான் விளக்கை அடித்தபோது பிள்ளைகள் எவ்வளவு விரைவாக என்னைப் பின்பற்றினார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

கடைசி நாள் ஸுபஹுக்குப் பின் அதே கரைக்குப் போனோம். ஒருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. இரண்டு சாக்குகளில் பொலித்தீனும் அறுந்த வலைத்துண்டுகளும் பொறுக்கினோம். சற்றுத் தொலைவில், கடலிலிருந்து மணல்மேடு வரை ஏறிச் சென்ற தடமும், அதன் அருகே திரும்பி இறங்கிய தடமும் தெரிந்தன. மேட்டில் மணல் கிளறப்பட்டு மூடப்பட்டிருந்தது. யானையைப் பார்த்து முகத்தைத் திருப்பிய அந்தப் பிள்ளைதான் கேட்டான்: "மௌலவி, அண்டைக்கு வந்த அதே ஆமையா?"

அல்லாஹ்வே அறிந்தவன் என்றேன். தடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து வேனில் ஏறினோம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.