தருமத்தின் பெயரால் ஒரு பரிசுச் சீட்டு

பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மிடம், ஊர்க் கோயில் திருப்பணிக்கென்றோ பள்ளிக்கூடக் கட்டடத்துக்கென்றோ எவரேனும் ரசீதுப் புத்தகத்துடன் வந்துவிட்டால் மறுக்க மனம் வருவதில்லை. அந்த ரசீதோடு பெரும் பரிசும் கிட்டக்கூடும் என்றால் கேட்கவா வேண்டும்? ஊர்ப்பற்றையும் பரிசாசையையும் ஒரே தாளில் அச்சிட்டு விற்ற நிறுவனம் ஒன்று அயர்லாந்தில் 1930 முதல் 1987 வரை நடந்தது. அதன் வரவு செலவை இன்று சிறிது ஆராய்வோம்.

டப்ளின் நகரத்து மருத்துவமனைகள் அந்நாளில் பொருளின்றித் தவித்தன. மருத்துவமனைகளுக்காகக் குதிரைப் பந்தயப் பரிசுச் சீட்டு நடத்தலாம் என்று 1930-இல் அயர்லாந்தில் சட்டம் இயற்றினர். நடத்தும் பொறுப்பு அரசிடமோ மருத்துவர்களிடமோ செல்லவில்லை. பந்தயத் தரகர் ரிச்சர்ட் டக்கன், முன்னாள் அமைச்சர் ஜோ மக்ராத், பொறியாளர் ஸ்பென்சர் ஃப்ரீமன் ஆகியோரின் தனியார் நிறுவனத்திடம் சென்றது. பெரிய உருளையிலிருந்து சீட்டெடுக்கச் சீருடை அணிந்த தாதியரை நிறுத்தினர். பார்த்தவர் நெஞ்சில் பதிந்தது அந்தச் சீருடைதான்; கணக்கேடன்று.

அயர்லாந்து சிறிய நாடு. ஆகவே சீட்டுகளில் பெரும்பகுதி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்றது. அங்கே அது சட்டவிரோதம். கப்பல்களில் மறைத்துக் கொண்டுபோன சீட்டுகளை, பிழைப்புக்காகக் குடியேறிய அயர்லாந்துக்காரரே கையோடு கை விற்றனர். தாய்நாட்டு மருத்துவமனைக்கு உதவுகிறோம் என்ற நிறைவு அவர்களுக்கு. புத்தகத்துக்குச் சில சீட்டுகள் இனாம் என்ற ஆதாயமும் உண்டு.

இலாபம் எங்கே பிறந்தது? கழிவுகளின் வரிசையில்தான். நாமே கற்பித்துக்கொண்ட எண்களால் விளக்குவோம். ஒருவர் 100 ரூபாய் தருகிறார். விற்றவர் பங்கு 20 போகிறது. அச்சு, விளம்பரம், ஊழியர் சம்பளம், நடத்துவோர் ஊதியம் என்று 30 போகிறது. மிஞ்சிய 50-இல் ஐந்தில் ஒரு பங்கு மருத்துவமனைக்கு என்றால், அது 10 ரூபாய். 'ஐந்தில் ஒரு பங்கு தருமத்துக்கு' என்று விளம்பரம் செய்தால் அதில் பொய் ஏதும் இல்லை. எதில் ஐந்தில் ஒரு பங்கு என்பதைத்தான் எவரும் கேட்பதில்லை. அயர்லாந்திலும் விற்பனைக் கழிவு போக மிஞ்சியதையே வசூல் என்று காட்டினர். போதாக்குறைக்கு அரசும் மருத்துவமனைப் பங்கின்மீது வரி விதித்தது. சீட்டு வாங்கியோர் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட நோயாளிகளுக்குச் சேரவில்லை என்று 1973-இல் ஜோ மக்கந்தோனி என்ற பத்திரிகையாளர் அம்பலப்படுத்தினார்.

இன்னொரு வழியும் இருந்தது. சீட்டுக்குக் குதிரை வாய்த்தவர், பந்தயம் முடியும்வரை நெஞ்சு படபடக்க இருப்பார் அல்லவா? நடத்துவோருக்கு வேண்டியவர்கள் அவரை அணுகி, ரொக்கம் கொடுத்துச் சீட்டின் பாதியை வாங்கிக்கொள்வர். குதிரை வென்றால் பரிசில் பாதி அவர்களுக்கு. இது கெட்டிக்கார வியாபாரம்; தருமத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது.

எனினும் ஒன்றை மறைப்பது முறையன்று. அந்தப் பணத்தால் அயர்லாந்தில் மருத்துவமனைகள் பல எழுந்தன. சிறு விழுக்காடேயாயினும், பெருந்தொகையின் விழுக்காடு அன்றோ?

நாட்டு லாட்டரியை நடத்தும் உரிமை வேறிடம் சென்றது, 1987-இல் இந்நிறுவனமும் மூடப்பட்டது. முறை மட்டும் மறையவில்லை. மாளிகையைப் பரிசாக வைத்துச் சீட்டு விற்கும் தனியார் நிறுவனம் ஒன்று 2020 முதல் பிரிட்டனில் நடக்கிறது. செலவு போக மிஞ்சுவதில் 80 விழுக்காடு அறநிலையத்துக்கு, 20 விழுக்காடு நிறுவனத்துக்கு என்பது தொடக்கத்தில் அதன் ஏற்பாடாக இருந்தது. மாளிகையின் விலையும் விளம்பரச் செலவும் அந்த 80-க்கு முன்பே கழிந்துவிட்டன. அந்நாட்டில் அறச் சங்கங்கள் நடத்தும் லாட்டரியானால், மொத்த வசூலில் ஐந்தில் ஒரு பங்கேனும் அறத்துக்குச் சேர வேண்டும் என்பது சட்டம். அஞ்சலில் எழுதிப் போட்டுக் கட்டணமின்றியும் சேரலாம் என்ற ஒரு வாசல் திறந்திருப்பதால், மாளிகைச் சீட்டு சட்டத்தின் கண்ணில் லாட்டரியே அன்று.