முள் ஏன் இறங்குகிறது?

லண்டனில் குளிர் தொடங்கிவிட்டது. ரேடியேட்டர் சூடாகவில்லையா? முதலில் பாய்லரின் பிரஷர் முள்ளைப் பாருங்கள்.

பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 2-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கிவிட்டால் வால்வைத் திறந்து தண்ணீர் ஏற்றுகிறோம். எப்போதாவது ஒரு தடவை என்றால் சரி. வாராவாரம் என்றால்? பஞ்சரான சைக்கிளுக்குத் தினமும் காற்றடிக்கிற கதைதான். அடிக்கடி புதுத் தண்ணீர் ஏறினால் ரேடியேட்டருக்குள் துருவும் பிடிக்கும்.

ஆகவே, கசிவைத் தேடுங்கள். ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வையும் டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் கசிவு அங்கேதான்.

எல்லாம் காய்ந்திருக்கிறதா? வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செப்புக் குழாயைப் பாருங்கள். அதில் சொட்டுகிறதா? சூடாகும்போது முள் 3-ஐ நெருங்கி, ஆறியதும் அடியோடு இறங்குகிறதா? அப்படியானால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் தொட்டியில் காற்றுக் குறைந்திருக்கலாம். மிஞ்சிய தண்ணீரைப் பாதுகாப்பு வால்வு வெளியே தள்ளுகிறது.

பாய்லர் மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். கேஸ் சேஃப் பதிவுள்ள பொறியாளரை அழையுங்கள். பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். முள் அடிக்கடி இறங்கினால் தண்ணீர் ஏற்றுவது மட்டும் போதாது, காரணத்தையும் தேடுங்கள்.