சட்டை கழற்றாத பெரியவர்

(சைக்கிள் ஊர்வலத்தில் கலந்துகொண்ட ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில், திசையன்விளையில் பேசியது)



சென்ற மாதம் பாளையங்கோட்டையில் நாம் நடத்திய அரை நிர்வாண சைக்கிள் ஊர்வலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கிளைத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். வெற்றி, வெற்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது சுலபம். 60க்கு மேற்பட்ட சைக்கிள்கள் வந்தன. பத்திரிகையில் படம் வந்தது. மூடிக் கிடக்கும் ஆலையின் பணிக்கொடை பாக்கி பற்றிப் பேச்சுவார்த்தைக்குத் தேதி குறிக்கப்பட்டது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் அன்று காலையில், ஊர்வலம் புறப்படுமுன், ஒரு தவறு நடந்தது. அந்தத் தவறைச் செய்தது நாமேதான். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில் இந்த யோசனை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுவோம். சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் ஓர் இரவு ஆலைத் தோழர் ஒருவர் தமது செல்போனில் ஒரு காட்சியைக் காட்டினார். லண்டன் நகரம். நடுச்சாலையில் நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் சைக்கிளில் போகிறார்கள். பலருடைய உடம்பில் துணியே இல்லை. சிலர் உடம்பில் வர்ணம் பூசி எழுத்து எழுதியிருக்கிறார்கள். சிலர் கால்சட்டையோடு வருகிறார்கள். டீக்கடையில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. “வெள்ளைக்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது” என்றார் ஒருவர்.

கிறுக்கு என்று தள்ளிவிடலாமா? விசாரித்துப் பார்த்தோம். ஸ்பெயின் நாட்டின் சரகோசா நகரில் 2001ஆம் ஆண்டிலேயே இப்படி ஒரு சைக்கிள் ஊர்வலம் நடந்திருக்கிறது. 2004 ஜூன் மாதத்தில், கனடாவின் வான்கூவர் நகரத்து கான்ராட் ஷ்மிட் என்பவரின் முயற்சியால், பல நாடுகளில் பல நகரங்களில் ஒரே நாளில் நடந்தது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் நடந்து வருகிறது. அவர்கள் சொல்லும் நியாயம் என்ன? பெட்ரோலை நம்பியே உலகம் ஓடுகிறது, காற்றும் கெடுகிறது என்கிறார்கள். சாலையில் கார்க்காரனுக்கு நாலு பக்கமும் இரும்புக் கவசம், சைக்கிள்காரனுக்குத் தோல் மட்டும்தான் கவசம். அந்தத் தோலைக் கண்ணால் பார்த்தாவது வண்டியை மெதுவாக ஓட்டு என்கிறார்கள்.

இந்த இரண்டாவது நியாயம் நமக்குப் புரியாத விஷயமா? இரவு ஷிப்டு முடிந்து, பின்விளக்கு இல்லாத சைக்கிளில், மணல் லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் இடையில் வீடு வந்து சேருகிறவர்கள் அல்லவா நாம்! டீக்கடையில் சிரிப்பு நின்றதும் அந்தத் தோழர் சொன்னார்: “நம்ம பணிக்கொடையையும் பிடுங்கிக்கிட்டான். சட்டைதான் மிச்சம். அதையும் கழட்டிட்டு சைக்கிள்ல போவோம், அண்ணாச்சி.” அதுதான் ஆரம்பம்.

முழு நிர்வாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பொது இடத்தில் ஆபாசம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆவது பிரிவில் வழக்குப் போட்டால் மூன்று மாதம் வரை சிறை. சிறைக்கு நாம் அஞ்சவில்லை. ஆனால் பணிக்கொடைக்காகப் போனவன் ஆபாச வழக்கில் உள்ளே கிடந்தால் சிரிப்பவன் முதலாளி. ஆகவே இடுப்பில் வேட்டி அல்லது சாரம், மேலே ஒன்றுமில்லை என்று முடிவாயிற்று. பெண் தோழர்கள் தங்கள் உடையில் முன்வரிசையில் வருவது என்றும் முடிவாயிற்று.

குட்டி லாரியில் சைக்கிள்களை ஏற்றினோம். நாம் பஸ்ஸில் போனோம். “சைக்கிள் லாரியிலே, ஆள் பஸ்ஸிலே, இது என்ன சைக்கிள் ஊர்வலம்?” என்று நடத்துநர் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பாளையங்கோட்டையில் இறங்கி, சட்டைகளைக் கழற்றி லாரியில் போடச் சொன்னோம். எல்லாரும் போட்டார்கள். ஒருவர் மட்டும் போடவில்லை. நஞ்சைப் பக்கத்திலிருந்து ஆதரவுக்கு வந்திருந்த விவசாயத் தொழிலாளி. எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருந்தார்.

நாம் கோபப்பட்டோம். காரணம் உண்டு. ஊர்வலம் போய்ச் சேருமிடம் கொக்கிரகுளம். 1999 ஜூலை 23ஆம் நாள் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் தடியடி விழுந்து, 17 உயிர்கள் தாமிரபரணியில் போன இடம் அது. அங்கே போகிறவர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற எண்ணம் நம் மனதை அழுத்திக்கொண்டிருந்தது. ஆனால் காரணம் இருந்தால் மட்டும் கோபம் நியாயமாகிவிடாது. “முடிவு என்றால் எல்லாருக்கும் முடிவுதான், அண்ணாச்சி. வெட்கமாக இருந்தால் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருங்கள்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டோம்.

பெரியவர் சத்தம் போடவில்லை. “வெட்கமில்ல தம்பி. எங்க அய்யா ஒரு கல்யாணத்துக்குச் சட்டை போட்டுக்கிட்டு மேலத் தெரு வழியா நடந்தாரு. அந்தச் சட்டைய அவரு முதுகிலேயே வச்சுக் கிழிச்சாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. பார்த்துக்கிட்டு நின்னேன். நீங்க கழட்டுங்க. நான் பின்னால வாறேன்” என்றார்.

நமக்குப் பேச்சு வரவில்லை.

தோழர்களே, உடம்பைத் திறந்து காட்டுவது நமக்குப் புதுமை அல்ல. பனையேறுகிறவனும் உப்பளத்தில் நிற்கிறவனும் நாற்றங்காலில் குனிகிறவனும் திறந்த உடம்போடுதான் தலைமுறை தலைமுறையாக நின்றார்கள். அது அவர்கள் விரும்பிய கோலமா? நமக்கு மேற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் ராஜ்யமாக இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். நாடார் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மேல்சாதியார் முன் மார்பைத் திறந்து நிற்பதுதான் மரியாதையாம்! மதம் மாறிய பெண்கள் குப்பாயம் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தபோது, 1822இல் தொடங்கி, கல்குளம் பகுதியில் அவர்களை அடித்தார்கள்; சந்தையிலேயே துணியைக் கிழித்தார்கள். 1829இல் வெளியான ராஜ பிரகடனம் தோள்சீலை கிடையாது என்றே சொல்லிற்று. 1858 கடைசியில் மறுபடியும் கலகம், வீடுகள் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகுதான், 1859 ஜூலை 26ஆம் நாள், மேலே துணி போட்டுக்கொள்ளலாம் என்று மகாராஜாவின் உத்தரவு வந்தது. அதிலும் ஒரு கொக்கி: மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரியில் போடக்கூடாது!

இந்த வரலாறு 9ஆம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பகுதி வேண்டாமென்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016இல் எடுத்துவிட்டது. ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தஞ்சையிலும் இதே கதைதான். பண்ணையாட்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது, தோளில் துண்டு போடக்கூடாது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940களில் அங்கே சென்று செங்கொடியை ஊன்றி, சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்துப் போராடிய பிறகே வேட்டியும் கீழே இறங்கிற்று.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தி மேல்துணியை விட்டு முழத்துண்டைக் கட்டினார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் நம் தமிழ்நாட்டு விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 10ஆம் நாள், பிரதமர் அலுவலகத்தில் மனுக் கொடுத்த கையோடு, அவர்களில் சிலர் முழு நிர்வாணமாகச் சாலையில் ஓடினார்கள். அவர்களது கோரிக்கையை அதுவரை திரும்பிப் பார்க்காத நகரம் அன்று திரும்பிப் பார்த்தது. அதற்கு ஆடையை அவிழ்க்க வேண்டியிருந்ததே என்று நமக்கு வயிறு எரிந்தது.

லண்டன்காரர்கள் போல உலகமெங்கும் சைக்கிளில் போன அதே 2004ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே, ஜூலை 15ஆம் நாள், மணிப்பூரின் இம்பால் நகரில், காங்லா கோட்டை வாசலில் 12 தாய்மார்கள் ஆடையைக் களைந்து நின்றார்கள். மனோரமா என்ற பெண்ணைத் துணை ராணுவத்தார் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய், பிணமாகப் போட்டதற்கு எதிர்ப்பு அது. அந்தத் தாய்மார்கள் வேடிக்கைக்காக நிற்கவில்லை. அவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவுமில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அசாம் ரைபிள்ஸ் படை காங்லாவைக் காலி செய்தது. அதே மணிப்பூரில் 2023 மே மாதத்தில் ஒரு கும்பல் பெண்களை நிர்வாணமாக்கி நடத்திச் சென்றது. இரண்டு இடத்திலும் துணியில்லாத உடம்புதான். ஆனால் இரண்டும் ஒன்றா? வான்கூவரின் சைக்கிள்காரனுக்குக் கழற்றுவது சுதந்திரமாக இருக்கலாம். அவன் பாட்டனின் சட்டையை யாரும் முதுகிலேயே வைத்துக் கிழிக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்களின் ஆடையை உரிப்பதும், நிர்வாணமாக நடத்துவதும் குற்றம் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியாக எழுத வேண்டிய நாடு இது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சைக்கிள்காரர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்டிருக்க வேண்டியதை விட்டுவிட்டோம். கழற்றுவதும் கழற்றாததும் அவரவர் துணிவு, அவரவர் விருப்பம் என்பது அவர்களுடைய விதி. கால்சட்டையோடு வந்தவரை யாரும் பஸ்ஸில் உட்காரச் சொல்லவில்லை! செல்போனில் நாமும் அதைப் பார்த்தோம். காட்சி பிடித்துக்கொண்டது, விதியை விட்டுவிட்டோம்.

பெண் தோழர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்வரிசையில் பதினொரு பேர் வந்தார்கள். சைக்கிள் ஒன்றும் அவர்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றதோடு சைக்கிளும் கற்ற பெண்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். கல்குவாரியில் உடைக்கிறவர்கள், வயலில் நடுகிறவர்கள். ஊரார் கேலி பேசினார்கள். அவர்கள் பெடலை மிதித்தார்கள். பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள்; குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார்த்தலாம் அல்லவா! அன்று அந்த ஊர்களை உலுக்க அவர்கள் ஒரு நூலையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் நமது ஊர்வலத்துப் படத்தில் இந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட இல்லை. படமெடுத்தவர் திறந்த முதுகுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாக்கி எவ்வளவு, எத்தனை குடும்பம் என்று அவர் கேட்கவே இல்லை. சட்டை கழற்றும் யோசனை யாருடையது என்றுதான் கேட்டார். பார்வையை இழுக்கச் செய்த காரியம் கோரிக்கையை மறைத்துவிட்டது. இதுவும் நம் கணக்கில் எழுத வேண்டிய நஷ்டம்தான்.

முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை கடந்து கொக்கிரகுளம் போய்ச் சேர்ந்தோம். மனுவோடு ஐந்து பேர் உள்ளே போக வேண்டும். திறந்த உடம்போடு அதிகாரிகள் முன்னால் கைகட்டி நிற்பதா என்று அப்போதுதான் நமக்கு உறைத்தது. அந்தக் கோலத்தில் நிற்கக்கூடாது என்றுதானே நம் முன்னோர் அடிபட்டார்கள்! சட்டையைப் போடலாம் என்றால், சட்டை முழுவதும் பாளையங்கோட்டையில் நின்ற லாரியில்!

பெண் தோழர்கள் நான்கு பேர் உள்ளே போனார்கள். ஐந்தாவதாகப் போனவர் அந்தப் பெரியவர். ஆலைக்குள் ஒருநாளும் கால் வைத்தறியாதவர், ஆலைத் தொழிலாளியின் பணிக்கொடைக்காக மனுவை நீட்டினார். எத்தனை குடும்பம், எத்தனை வருஷம், எவ்வளவு பாக்கி என்று வரிசையாகச் சொன்னாராம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். வெளியே வந்ததும் அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். “இருக்கட்டும் தம்பி, முதல்ல எல்லாரும் சட்டையப் போடுங்க, வெயில் தோலை உரிச்சிருச்சு” என்றார். உண்மைதான், பலருக்கு மூன்று நாள் முதுகு எரிந்தது.

அன்று அவரை எல்லார் முன்னாலும் பேசினோம். ஆகவே மன்னிப்பையும் எல்லார் முன்னால் கேட்பதுதான் முறை. அவர் இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அண்ணாச்சி, நாம் சொன்னது தவறு.

இனி வேலைக்கு வருவோம். பேச்சுவார்த்தையில் ஆலை நிர்வாகம் மறுபடியும் இழுத்தடித்தால் இரண்டாவது சைக்கிள் ஊர்வலம் உண்டு. சட்டையோடு வருவதா, இல்லாமல் வருவதா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். யாரும் யாரையும் கேட்கக்கூடாது. பாக்கித் தொகையைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி ஒவ்வொரு சைக்கிளின் முன்னாலும் கட்ட வேண்டும். பெண் தோழர்களில் இருவர் பத்திரிகைக்காரர்களிடம் பேசுவார்கள். பிரேக் பிடிக்காத சைக்கிள்கள் போன தடவை ஒன்பது இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவாருங்கள், பார்த்துவிடுவோம். லாரி இந்தத் தடவை ஊர்வலத்தின் பின்னாலேயே வரும்.