வெள்ளமும் விண்ணப்பமும்

(மரக்காணத்தில் நடைபெற்ற நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப்பற்றிச் சில சொற் கூறும்படி காரியதரிசியவர்கள் பணித்தனர். கணக்கை அவரே வாசிப்பார். யான் அந்நிதியால் சட்டம் பயிலும் நம் பிள்ளைகளைக்குறித்தே பேச விழைகின்றேன்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்ததை நீவிர் மறந்திரீர். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம் அளங்களிற் பாத்தி எது, வரப்பு எது, கழுவேலி எது என்று அறியவொண்ணாதபடி எங்கும் நீராயிற்று. அரசினர் நம் மாவட்டத்துக் குடும்ப அட்டையொன்றுக்கு 2,000 ரூபாயும், சேதமுற்ற குடிசைக்கு 10,000 ரூபாயும், அழிந்த பாசனப் பயிர்க்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் அறிவித்தனர். நன்றே. ஆயின் உப்பு பயிரன்று. "உப்பு விளைந்தது" என்று நாம் சொல்வது தமிழ் வழக்கு, பட்டியலின் வழக்கன்று.

அந்நாளில் மூதாட்டியொருவர் என் திண்ணைக்கு வந்தார். குடிசை வீழ்ந்தது, குடும்ப அட்டை சேற்றிற் போயிற்று. விண்ணப்பம் எழுதித் தரவேண்டினார். யான் புயலின் கொடுமையையும் அம்மையின் முதுமையையும் கல்லுங் கரையுமாறு இரண்டு பக்கம் வருணித்தேன். அது திரும்பி வந்தது. அட்டை எண் இல்லை. இழப்பு நேர்ந்த நாளும் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த என் பழைய மாணாக்கி, சட்டக் கல்லூரியிற் பயில்பவள், "ஐயா, அணியெல்லாம் இருக்கின்றன, எண்தான் இல்லை" என்று நகைத்தாள். பேரனுடைய கைபேசியிலிருந்த அட்டைப் படத்தைத் தேடியெடுத்து, எட்டு வரியில் வேறொன்று எழுதினாள். பணம் வந்தது. இருபதாண்டு இலக்கணங் கற்பித்த எனக்கு அது சற்று நாணமாகவே இருந்தது.

அவளும் ஓரிடத்தில் மயங்கினாள். குத்தகை ஒருவர் பெயரில், உள்குத்தகை வாய்ச்சொல்லில், கூலி மூன்றாமவர்க்கு. வரப்பு கரைந்தால் இழப்பு யாருடையது, அதற்குச் சான்று யாது என்பது அவள் கற்ற நூலில் இல்லை. அளத்திற்கு வந்து, கணக்கப்பிள்ளையின் குறிப்பேட்டைப் பார்த்து, உப்பு வாருவோரிடம் வினவியே அதனைக் கற்றல் வேண்டும். வெள்ளம் வந்தபின் கற்க நேரமேது?

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987, பன்னிரண்டாம் பிரிவின்படி, வெள்ளம் முதலிய பேரிடரால் தாக்குண்டோர்க்கு வருமான வரம்பு பாராது இலவச வக்கீல் உதவி உண்டு. இதனை இவ்வவையில் எத்துணைப்பேர் அறிவீர்? இழந்த ஆவணங்களை மீட்டுத் தருவதும் தேசிய ஆணைக்குழு 2010-இல் வகுத்த திட்டத்தில் அடங்கும். சட்ட மாணவர், வக்கீலாகப் பதிவு செய்யும்வரை, அவ்வாணைக்குழுவின் தன்னார்வலராகலாம்.

"முதலில் பட்டம் பெறட்டும்" என்பர் பெற்றோர் சிலர். அவர் கவலையை யான் அறிவேன். யான் கேட்பது பத்து ஞாயிற்றுக்கிழமைகளே. ஆவணி முதல் ஞாயிறன்று எம் பள்ளிக் கூடத்தில் தொடங்குவோம். மூவர் பெயர் கொடுத்துள்ளனர். வருவோர் தத்தம் வீட்டுக் குடும்ப அட்டையின் படியொன்றைக் கொணர்க. ஐப்பசியில் மழை தொடங்கிவிடும்.