ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா? இந்தியாவிலிருந்து திரும்பிய ஓர் ஆசிரியை பேசுகிறார்

(தமிழகத்து முகாம்களிலிருந்து மீளத்திரும்பிய இளையோருக்காக வவுனியாவில் நடந்த தகவல் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இருக்கிற முகங்களில் சில எனக்குப் பழக்கமானவை. கும்மிடிப்பூண்டி முகாமில் ஒரே குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் இப்போது கோவையும் கையுமாக வேலை தேடி வந்திருக்கிறீர்கள். அந்தக் கோவைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பற்றித்தான் நான் அதிகம் கதைக்கப் போகிறேன்.

நான் 1990 இல் மூன்று வயதுப் பிள்ளையாக மன்னார்க் கரையிலிருந்து படகில் போனவள். 2012 இல் அம்மாவோடும், முகாமில் பிறந்த தம்பியோடும் விமானத்தில் திரும்பி வந்தேன். அப்போது எனக்கு 25 வயது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்திருந்தேன். நாங்கள் அந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்பதால் அங்கே அரச ஆசிரியராக வரமுடியாது. "ஊரில் ஆங்கில ரீச்சர்மாருக்குத் தட்டுப்பாடு, போன அடுத்த மாதமே வேலை" என்று முகாமில் எல்லாரும் சொன்னார்கள். தட்டுப்பாடு என்றது உண்மை. அடுத்த மாதம் என்றதுதான் பொய்த்துப் போனது.

கையில் இல்லாத ஒரு பத்திரம்

புறப்படுகிற காலத்தில் எங்கள் நினைவெல்லாம் வெளியேறும் அனுமதி, தற்காலிகப் பயண ஆவணம், விமானச் சீட்டு என்றே இருந்தது. படித்த சான்றிதழ்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டு அம்மா தன் சேலைகளுக்கு நடுவில் வைத்தார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், கல்லூரிப் பெறுபேறுகள், பட்டத்துக்கான தற்காலிகச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருந்தன. பட்டச் சான்றிதழ் இருக்கவில்லை. பட்டமளிப்பு முடிந்த பிறகு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து அதை எடுக்கவேண்டும். "தற்காலிகம் இருக்குத்தானே, போதும்" என்று நான் விட்டுவிட்டேன்.

வந்த அடுத்த வருடம் பட்டதாரிகளிடம் விண்ணப்பம் கோரப்பட்டது. நான் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனுசி. பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது தற்காலிகச் சான்றிதழ். மூலப் பட்டச் சான்றிதழும் மானியங்கள் ஆணைக்குழுவின் ஏற்புக் கடிதமும் வேணும்" என்றார். முடிவு திகதிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

திரும்பி இந்தியா போவதென்றால் கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும், காசு வேண்டும். எங்களிடம் மூன்றும் இருக்கவில்லை. சென்னையில் இருந்த தோழி ஒருத்திக்கு அதிகாரமளிப்புக் கடிதம் எழுதி அனுப்பினேன். அவள் வேலைக்கு லீவு போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நாலு தரம் ஏறி இறங்கினாள். பட்டச் சான்றிதழ் என் கைக்கு வர 14 மாதம் ஆனது. அதற்குள் அந்த நியமனங்கள் வழங்கி முடிந்துவிட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது. அங்கிருந்தபோது ஒரு நாள் பஸ் ஏறிப் போயிருந்தால் முடிகிற வேலை அது.

இந்தக் கையேடு முகாம்களுக்கும் போகிறது என்றார்கள். ஆகவே இன்னும் புறப்படாத பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் பத்திரங்கள்

பட்டச் சான்றிதழ், ஒவ்வொரு பருவத்தினதும் பெறுபேறுகள், பத்தாம் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், பி.எட். படித்திருந்தால் அதன் பத்திரங்கள், கற்பித்த இடங்களின் அனுபவக் கடிதங்கள்: இவற்றின் மூலப்பிரதிகள் இல்லாமல் விமானம் ஏறவேண்டாம். முகாமில் மாலை வகுப்பு நடத்தியிருந்தால் அதற்கும் ஒரு கடிதம் எடுங்கள். எத்தனை வருடம், எந்த வகுப்புகள், என்ன பாடம் என்று அதில் எழுதியிருக்கவேண்டும். பை உங்கள் கையிலேயே இருக்கட்டும். பொதியில் போடாதீர்கள்.

அடுத்தது பெயர். தமிழில் என் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, இந்தியச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. அங்கே அப்பாவின் பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். இங்கே முழுப் பெயரையும் கேட்பார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வைத்தேன். இன்றைக்கும் அதை என் பட்டச் சான்றிதழோடு சேர்த்தே கொண்டுபோகிறேன்.

வந்து இறங்கியவுடன் கிராம அலுவலரிடம் பதிந்து, பிரதேச செயலகம் வழியாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது இல்லாவிட்டால் பரீட்சை எழுதுவதும் வங்கிக் கணக்குத் திறப்பதும் கஷ்டமாகிவிடும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமைச் சான்றிதழும் எடுக்கவேண்டும். என் தம்பிக்கு அதை அங்கேயே செய்துகொண்டு வந்தோம். அதனால் அவன் அலையவில்லை. படித்த நான்தான் அலைந்தேன்.

இந்தியப் பட்டத்தை இங்கே ஏற்கச் செய்ய, கொழும்பு 7, வார்ட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம், நேரில் படித்ததா, தொலைக்கல்வியா என்பதெல்லாம் பார்ப்பார்கள். வேலைக்கான அறிவித்தல் வரும்வரை காத்திருக்காமல், வந்த கையோடு இதைத் தொடங்குங்கள்.

நான்கு பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு

பட்டச் சான்றிதழ் வருமட்டும் நான் என்ன செய்வது? முதல் மூன்று மாதம் வீட்டுக்குள் இருந்து அழுதேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "நீ இங்கிலிஷ் படிச்சனியாமே, என்ர மகளுக்கு ஒருக்காச் சொல்லிக் குடன்" என்றார். அந்தப் பிள்ளை இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் ஒரு பாயும் பழைய கதவுப் பலகையில் கரி பூசிய கரும்பலகையும் போட்டேன். முதல் மாதம் காசு வாங்கவில்லை. இரண்டாம் மாதம் அந்த அக்காவே ஒரு தொகையைச் சொல்லி மற்றவர்களிடமும் சேர்த்துத் தந்தார்.

முதல் வாரம் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் "மதிப்பெண்" என்றால் அவர்களுக்கு அது "புள்ளி". நான் "ஏழாவது" என்றால் அவர்களுக்குத் "தரம் 7". நான் "பேசு" என்றால் அவர்கள் "கதை" என்பார்கள். "ரீச்சர் இந்தியப் படத்தில வாற மாதிரிக் கதைக்கிறா" என்று ஒரு பொடியன் சொன்னான். அங்கே படிக்கும்போது நாங்கள் "சிலோன்காரப் பிள்ளைகள்". இங்கே வந்தால் இந்தியாக்காரி. உங்களுக்கும் இது நடக்கும். மனம் நோகவேண்டாம். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அவர்களின் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிப் படித்தேன். இரண்டு மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

சொல்லைவிடப் பெரிய வித்தியாசம் பரீட்சையில் இருந்தது. நான் படித்த காலத்தில் தமிழகத்தில் பத்தாம் வகுப்பு 500 க்கும் பன்னிரண்டாம் வகுப்பு 1200 க்கும் இருந்தது. பாடப் புத்தகத்தில் உள்ள கேள்வி பதிலைப் பாடமாக்கினால் நல்ல மதிப்பெண் எடுக்கலாம். இங்கே சாதாரண தரத்தில் ஏ, பி, சி, எஸ் என்று சித்தி. ஆங்கில வினாத்தாளில் பிள்ளை முன்பின் பார்க்காத பந்தியை வாசித்து விளங்க வேண்டும், படத்தைப் பார்த்து விவரிக்க வேண்டும், கடிதமும் கட்டுரையும் சொந்தமாக எழுத வேண்டும். நான் படித்த முறையிலேயே கற்பித்தால் பிள்ளைகள் தோற்றுப்போவார்கள் என்று எனக்கு விளங்கியது. தரம் 3 இலிருந்து 11 வரையான அரசாங்க ஆங்கிலப் புத்தகங்களை இரவல் வாங்கி முழுதும் வாசித்தேன். கடந்தகால வினாத்தாள்களைப் புத்தகக் கடையில் வாங்கி நானே நேரம் வைத்து எழுதிப் பார்த்தேன்.

அதோடு நிற்கவில்லை. பல வேலைகளுக்கு இங்கத்தைய சாதாரண தரத்தில் மொழியும் கணிதமும் கேட்பார்கள். அதனால் 2013 டிசம்பரில் தனியார் பரீட்சார்த்தியாக ஆங்கிலம், தமிழ், கணிதம் மூன்றும் எழுதினேன். பரீட்சை மண்டபத்தில் எனக்கு முன்வரிசையில் என் மாணவி இருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பரீட்சைக்குள் இருந்து பார்த்த பிறகுதான் அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் துணிவு வந்தது. என் பிள்ளைகள் பயப்படுகிற இடம் எதுவென்று நானே கண்டுகொண்டேன்.

பாடசாலைக் கதவைத் தட்டும்போது

ஒரு வருடத்தில் நான்கு பிள்ளைகள் இருபத்தேழு பேரானார்கள். வகுப்பு மாமரத்தடியிலிருந்து சனசமூக நிலையத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு தனியார் பாடசாலை ஒன்றில் வெற்றிடம் இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். அதிபர் சான்றிதழ்களைப் பார்க்க முதல் கேட்ட கேள்வி, "இப்ப எங்க படிப்பிக்கிறீங்கள்?" என்பதுதான். எனக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. மாதிரி வகுப்பு ஒன்று எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அடுத்த தவணையிலிருந்து வேலை.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, வேலை தேடுகிற காலத்தில் சும்மா இருக்கவேண்டாம். முன்பள்ளி, தனியார் கல்வி நிலையம், சர்வதேசப் பாடசாலை, தொழிற்பயிற்சி நிலையங்களின் மாலை வகுப்பு என்று இடங்கள் இருக்கின்றன. போகுமுன் 40 நிமிட மாதிரிப் பாடம் ஒன்றை எழுதித் தயாராக வைத்திருங்கள். இலக்கியம் படித்தவர்கள் சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியம் விருப்பப் பாடமாக இருப்பதை மறக்கவேண்டாம். அதை எடுக்கிற பிள்ளைகளுக்கு ரீச்சர் கிடைப்பது கஷ்டம்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று விடயங்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நியமனக் கடிதம் எழுத்தில் தருவார்களா? ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா? விடுமுறை மாதத்துக்கும் சம்பளம் உண்டா? "அகதியாக இருந்திட்டு வந்தனாங்கள், கிடைச்சதே பெரிசு" என்று நினைக்காதீர்கள்.

அரச நியமனம்

அரச பாடசாலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் உண்டு. பட்டம் ஏற்கப்பட்டவர்கள் மாகாணம் கோரும்போது போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே உயர்தரம் எழுதியவர்கள் அந்தப் பெறுபேற்றை வைத்துத் தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர்களையும் ஆங்கில ஆசிரியர்களாக எடுத்திருக்கிறார்கள். எதற்கும் வயதெல்லை உண்டு. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. அதைப் பார்ப்பதையும், மாதம் ஒருமுறை வலயக் கல்விப் பணிமனையில் விசாரிப்பதையும் பழக்கமாக வைத்திருங்கள். மேலே படிக்க விரும்பினால் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, தொண்டர் ஆசிரியராகப் போவது நல்லதுதான், ஆனால் நியமனத்தை நம்பி எல்லையில்லாமல் இருக்கவேண்டாம். வருடக்கணக்காகத் தொண்டராகக் கற்பித்துவிட்டு நியமனம் கேட்டு வீதியில் இருந்தவர்கள் வடக்கில் இருக்கிறார்கள். போவதென்றால் கடிதம் வாங்குங்கள், வரவுப் பதிவில் ஒப்பமிடுங்கள், எத்தனை தவணை என்று நீங்களே ஒரு கணக்கு வையுங்கள். இரண்டாவது, "நியமனம் எடுத்துத் தாறன்" என்று காசு கேட்கிற எவரையும் நம்பவேண்டாம். மூலச் சான்றிதழை எவரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம். பார்க்கக் கொடுங்கள், அவர்கள் முன்னாலேயே திருப்பி வாங்குங்கள்.

இன்றைக்கு நான் அரச ஆசிரியை இல்லை. அந்த ஒரு பத்திரத்தால் தவறிப்போன வாய்ப்பு மறுபடி எனக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கவலைதான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் காலையில் பாடசாலையும் பின்னேரம் என் வகுப்புமாக என் வீடு நடக்கிறது. தம்பியைப் படிப்பித்தேன். முதல் வந்த நான்கு பிள்ளைகளில் ஒருத்தி இப்போது என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறாள்.

பேச்சு முடிந்ததும் நான் இந்த வாசலடியில் இருப்பேன். கோவையைக் கொண்டுவாருங்கள். எந்தப் பத்திரம் குறைகிறது என்று சேர்ந்து பார்ப்போம். முகாமில் இன்னும் சொந்தக்காரர் இருந்தால் இன்றைக்கே அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, பட்டச் சான்றிதழை எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.