பதின்மூன்று பெட்டி வண்டி



தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் எழுத்தன் நான்; பத்தாம் வகுப்பு வரையே பயின்றவன். சென்ற ஆண்டு என் அன்னையாரின் காற்புண் சீழ் கொண்டது. வீட்டில் மிஞ்சிக் கிடந்த மாத்திரைகளை நானே கொடுத்தேன். பின்னர் மருத்துவர் தந்த முதல் இரு மருந்துகளும் பலிக்கவில்லை, மூன்றாவதே காத்தது. அதுவும் தோற்றிருந்தால்?

அவ்வினாவுக்கு விடை தேடுவோருள் நம் நாட்டவரும் உளர். காளையின் விந்துநீரில் கிருமியைக் கொல்லும் புரதம் ஒன்று உண்டு. ஐதராபாத்து உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்கள் சீதாராம், நாகராஜ் இருவரும் அதன் சிறு பகுதியைச் செயற்கையாக அமைத்து, அதுவும் கிருமியைக் கொல்வதை 1990இல் வெளியிட்டனர். அதில் பதின்மூன்றே அமினோ அமிலங்கள்; பதின்மூன்று பெட்டிகள் கோத்த வண்டி எனலாம்.

இத்தகைய துணுக்குகளின் நேர்மின்னேற்றம், எதிர்மின்னேற்றமுள்ள கிருமியின் மேற்சவ்வை நாடும். நெய்ப்பசையை விரும்பும் பகுதி உட்புகுந்து அச்சவ்வைக் குலைக்கும்.

ஆயின், அத்துணுக்கு செங்குருதியணுக்களையும் உடைத்தது! ஆகவே, பெட்டிகளை மாற்றிக் கோத்து, பகையை மட்டும் அழிக்கும் வரிசையைக் காண்பதே இக்கலையின் அருமை.

அது நெடும்பயணம். அதுவரை, உள்ள மருந்துகளைக் காப்பது நம் கடன். மருத்துவர் சொல்லாத மாத்திரையை உண்ணாதீர்கள். மிஞ்சியதைப் பிறர்க்கு ஈயாதீர்கள். என் அன்னையைக் காத்த மூன்றாம் மருந்து நம் பேரப்பிள்ளைகளையும் காக்க வேண்டும்.