மருந்து அடித்த மரமும் வெடிக்கும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மர பெஞ்சு. ஈரம் போகாத பலகைக்கு நானே மருந்து அடித்து, வெயிலில் போட்டேன். "இனி கவலையில்லை" என்று பெருமை வேறு. ஒரே கோடை, பலகை முழுக்க வெடிப்பு! "இதுதான் நீங்க படிச்ச படிப்பா?" என்றாள் என் மனைவி. தப்பு மருந்தின் மேல் இல்லை, என் மேல்தான்.

மருந்து பூச்சிக்கும் பூஞ்சைக்கும்தான் எமன். வெடிப்பு வருவதோ ஈரத்தால். காயும்போது மரம் வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளியே போகும் திசையைவிடச் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். மேல்புறம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த இழுபறியில் பலகை பிளக்கிறது.

தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை 1933-இல் கண்டுபிடித்தவர், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த நம் நாட்டவர் சொந்தி காமேசம். உலகமெங்கும் பரவிய மருந்து அது. ஆனால் தண்ணீரில் கரைத்து ஏற்றுவது. ஆகவே மரம் மறுபடி ஊறி, மறுபடி காய வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு கூடும். ரயில் தண்டவாளக் கட்டைக்குப் போட்ட கிரியோசோட் எண்ணெய் வகை. ஈரம் சட்டென்று ஏறி இறங்க விடாது, அதனால் வெடிப்பும் குறையும்.

வெடித்தால் என்ன என்று கேட்கலாம். மருந்து வெளிறில்தான் நன்றாக இறங்கும், வைரத்தில் லேசில் இறங்காது. ஆழமான வெடிப்பு அந்த உள்பகுதியைத் திறந்துவிடும். மழைத்தண்ணீர் புகுந்து, மக்கல் உள்ளிருந்தே ஆரம்பிக்கும்.

மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. அப்படிப்பட்ட பாதையில் வெடிப்பு என்பது அழகுப் பிரச்சினை அல்ல. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிக்கும், கையை ஊன்றினால் சிராய் ஏறும்.

வழி சுலபம். முதலில் மரத்தைக் காயவிடுங்கள். அறுப்பதையும் துளை போடுவதையும் முடித்துவிட்டு மருந்து ஏற்றுங்கள். நிழலில், இடைவெளி விட்டு அடுக்கி மறுபடி காயவையுங்கள். வெட்டின முனைகளை மெழுகால் அடையுங்கள். வருஷா வருஷம் தண்ணீர் ஒட்டாத எண்ணெய் பூசுங்கள்.

கடைசியாக ஒன்று. கரை ஒதுங்கும் பலகையை விறகாக்குவது எங்கள் பக்கம் சகஜம். எந்தப் பலகைக்கு எந்த மருந்தோ, யார் கண்டது? ஆர்சனிக் ஏறிய மரத்தை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் விஷம். அடுப்பில் மட்டும் வைக்க வேண்டாம் என்று நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

மருந்து மரத்தின் ஆயுளைக் கூட்டும். வெடிப்பைக் குறைப்பது நம் பொறுமைதான். பெஞ்சை இந்தத் தடவை ஒழுங்காகச் செய்திருக்கிறேன், வந்து உட்கார்ந்து பாருங்கள்.